ஆளைப் பிடிப்பதா, தாளைப் பிடிப்பதா?

ஜாமீனில் வந்து ஓடியவர்களைக் கூலிக்குத் துரத்திப் பிடிக்கும் அமெரிக்க ‘பவுண்டி ஹன்டர்’கள் பற்றியும், அதையொட்டி நம் ஊர் ஜாமீன், வாரண்ட் சங்கதிகள் பற்றியும் நெல்லைப் பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு எங்கள் சட்டக் குழுவின் பதில்கள் இவை. இதில் வரும் பி.என்.எஸ். (தண்டனைச் சட்டம்), பி.என்.எஸ்.எஸ். (குற்ற நடைமுறைச் சட்டம்) இரண்டும் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டங்கள்.

மு.ச., வீரவநல்லூர்: அமெரிக்க பவுண்டி ஹன்டர் நிகழ்ச்சிகளை விடாமல் பார்க்கிறேன். போலீஸும் இல்லை, பட்டாளமும் இல்லை. ஆனால் கதவை உடைத்து, விலங்கு மாட்டி ஆளை இழுத்து வருகிறார்கள். இந்த அதிகாரத்தை அவர்களுக்கு யார் கொடுத்தது?

பாதி அதிகாரத்தைக் கொடுத்தவர் ஓடிப்போனவரேதான். அமெரிக்காவில் ஜாமீன் ஒரு வியாபாரம். கோர்ட் 10,000 டாலர் ஜாமீன் கேட்கிறது என்று வையுங்கள். கையில் பணம் இல்லாதவர் ஜாமீன் கம்பெனிக்கு வழக்கமாக 10 சதவீதம், அதாவது 1,000 டாலர் கட்டணம் கட்டுவார். அது திரும்பி வராது. மொத்தத் தொகைக்கும் கம்பெனி பொறுப்பேற்கும். அப்போது போடும் ஒப்பந்தத்திலேயே, வாய்தாவுக்கு வராவிட்டால் தன்னைப் பிடித்து ஒப்படைக்கலாம் என்று அவர் சம்மதம் எழுதிக் கொடுத்துவிடுகிறார். ஆள் ஓடினால் கோர்ட் கொடுக்கும் கெடுவுக்குள் பிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் 10,000 டாலரும் கம்பெனி தலையில் விழும். அந்த நஷ்டத்தைத் தடுக்கத்தான் ஹன்டர். அவருக்குக் கூலி பெரும்பாலும் ஜாமீன் தொகையில் 10 முதல் 20 சதவீதம். ஆள் சிக்காவிட்டால் கூலியும் இல்லை.

மீதி அதிகாரம் 1872-இல் வந்த ‘டெய்லர் எதிர் டெய்ன்டர்’ தீர்ப்பிலிருந்து வருகிறது. ஜாமீன்தார் அடுத்த மாநிலம் வரை துரத்தலாம், ஞாயிற்றுக்கிழமையும் பிடிக்கலாம், தேவைப்பட்டால் ஓடியவரின் வீட்டுக் கதவை உடைத்தும் போகலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்னது ஓடியவரின் சொந்த வீட்டை. பக்கத்து வீட்டையோ சித்தப்பா வீட்டையோ அல்ல. விலாசம் மாறிப்போய்க் கதவை உடைத்து வழக்கு வாங்கிய ஹன்டர்களும் உண்டு.

அமெரிக்கா முழுக்க இப்படி என்றும் நினைக்க வேண்டாம். கென்டக்கி, ஆரிகன், விஸ்கான்சின், இல்லினாய் மாநிலங்கள் இந்த வியாபாரத்தையே ஒழித்துவிட்டன. உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் பிலிப்பைன்ஸைத்தான் சொல்ல முடியும்.

டிவியில் காட்டாத ஒன்று: இந்த வேலையில் பெரும்பகுதி போனும் காகிதமும்தான். ஜாமீன் விண்ணப்பத்தில் அம்மா விலாசம், பழைய வேலை, வண்டி நம்பர், உடம்பில் பச்சை குத்திய இடம், கூடக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று எல்லாமே இருக்கும். முதல் போன் கூடக் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் போகும். ஏனென்றால் ஆள் வராவிட்டால் அவருடைய காரும் வீடும் போகும். ஓடியவரைச் சொந்தக்காரரே காட்டிக்கொடுக்கிற ஏற்பாடு இது.

ஆ.ரா., பேட்டை: ‘டாக்’ என்று பட்டப்பெயர் வைத்த ஹன்டர் மெக்சிகோவுக்கே போய் ஒரு கோடீஸ்வரரைப் பிடித்தாராமே? அவரையே கைது செய்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். எது உண்மை?

இரண்டும் உண்மை. டுவேன் சாப்மேன் என்பது அவர் பெயர், அப்போது இருப்பு ஹவாய். மேக்ஸ் ஃபேக்டர் அழகுசாதனக் குடும்பத்து வாரிசான ஆண்ட்ரூ லஸ்டர் மீது கலிபோர்னியாவில் பாலியல் வன்கொடுமை வழக்கு நடந்தது. 10 லட்சம் டாலர் ஜாமீனில் இருந்த அவர் 2003 ஜனவரியில், விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே மறைந்தார். ஆள் இல்லாமலேயே 124 வருஷ தண்டனை விதித்தார்கள் (பின்னால் அது 50 ஆகக் குறைந்தது). 2003 ஜூன் 18 அன்று சாப்மேன் தன் மகன் லீலாண்டையும் கூட்டாளி டிம்மையும் சேர்த்துக்கொண்டு, பூவெர்ட்டோ வயார்ட்டா என்ற கடற்கரை ஊரில் லஸ்டரை மடக்கினார்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மெக்சிகோவில் பவுண்டி ஹன்டிங் சட்டவிரோதம். உள்ளூர் போலீஸ் வந்து லஸ்டரையும் பிடித்தது, பிடித்தவர்களையும் பிடித்தது. லஸ்டரை மெக்சிகோ உடனே அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டது. சாப்மேன் குழு மேல் ஆளைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்ததாக வழக்கு. ஜாமீனில் வெளியே வந்த மூவரும் மெக்சிகோவை விட்டே போய்விட்டார்கள். ஜாமீனில் ஓடியவனைப் பிடிக்கப் போனவர் தாமே ஜாமீனில் ஓடியவர் ஆனார்! மூன்று வருஷம் கழித்து, 2006 செப்டம்பர் 14 அன்று, மெக்சிகோ கேட்டதன் பேரில் அமெரிக்க மார்ஷல்கள் ஹவாயில் அவர்களைக் கைது செய்தார்கள். 2007-இல் காலக்கெடு தாண்டிவிட்டது என்று மெக்சிகோ கோர்ட் வழக்கைத் தள்ளியதால் தப்பித்தார்கள்.

பணமாவது கிடைத்ததா? லஸ்டரின் ஜாமீன் தொகையில் பங்கு கேட்டுப் போனார், கோர்ட் மறுத்துவிட்டது. லாபம் வேறு வழியில் வந்தது. 2004-இல் அவரை வைத்து டிவி தொடர் தொடங்கி 2012 வரை ஓடியது.

இவர் சட்டம் தெரியாமல் மாட்டினார் என்று சொல்வதற்கும் வழியில்லை. ஜாமீன்தாரின் பிடிக்கும் அதிகாரம் அமெரிக்க மண்ணுக்குள் மட்டும்தான் செல்லும் என்று 1869-லேயே ‘ரீஸ்’ வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1981-இல் இரண்டு ஹன்டர்கள் டொரண்டோவிலிருந்து சிட்னி ஜாஃபி என்பவரைத் தூக்கி ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனபோது, கனடா அதை ஆள்கடத்தல் என்றது. அவர்களில் ஒருவரைக் கனடாவிடம் ஒப்படைக்கலாம் என்று 1983-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது.

இ.பா., அம்பாசமுத்திரம்: என் மச்சினனுக்கு ஒரு அடிதடி கேஸில் 25,000 ரூபாய்க்கு ஜாமீன் நின்றேன். மூணு வாய்தாவாக ஆளைக் காணோம். சிங்கப்பூரில் இருக்கான் என்று அத்தை சொல்லுதாக. கோர்ட்டிலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருக்கு. நானே போய்க் கூட்டிட்டு வந்திரலாமா?

அண்ணாச்சி, பேசிக் கூட்டிவருவதானால் தாராளமாகப் போங்கள். கையைப் பிடித்து இழுத்து வர நினைத்தால் டிக்கெட் காசும் போகும், அங்கே உங்கள் மேல் வழக்கும் வரும். இந்திய ஜாமீன்தாருக்கு ஆளைப் பிடிக்கும் உரிமை நெல்லையிலேயே கிடையாது, அப்புறம் சிங்கப்பூரில் எங்கே?

இப்போது அவசரம் நோட்டீஸ்தான். பி.என்.எஸ்.எஸ். 491-ஆம் பிரிவின்படி கோர்ட் உங்கள் பத்திரத்தைப் பறிமுதல் செய்து, ‘ஏன் தொகையைக் கட்டக்கூடாது?’ என்று காரணம் கேட்கிறது. பலரும் செய்யும் தப்பு, ‘அவன்தானே ஓடினான், எனக்கென்ன’ என்று நோட்டீஸை அலமாரியில் வைத்துவிடுவது. கட்டாவிட்டால் அபராதம் போல வசூலிப்பார்கள். வசூலிக்க வழியில்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிவில் சிறை உண்டு.

நோட்டீஸில் உள்ள தேதியில் வக்கீலோடு ஆஜராகுங்கள். எழுத்துப்பூர்வமான பதிலில் மச்சினனின் பாஸ்போர்ட் எண், சிங்கப்பூர் விலாசம், வேலை செய்யும் கம்பெனி, போன் எண், போன தேதி என்று தெரிந்ததை எல்லாம் கொடுங்கள். நீங்கள் அனுப்பிய வாட்ஸப் செய்திகளையும் அச்செடுத்துச் சேருங்கள். ஆஜர்படுத்த அவகாசம் கேளுங்கள். முயற்சி எடுத்தது கோப்பில் தெரிந்தால், தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய அதே பிரிவு கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. உத்தரவு பாதகமாக வந்தால் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் உண்டு. எப்படிப் போனாலும் உங்கள் பொறுப்பு 25,000-ஐத் தாண்டாது. மச்சினன் செய்த குற்றம் உங்கள் தலையில் ஏறாது.

முதல் வாய்தா தவறுவதற்கு முன்பே சந்தேகம் வந்திருந்தால் 489-இல் ‘என்னை விடுவியுங்கள்’ என்று மனுப் போட்டிருக்கலாம். கோர்ட் வாரண்ட் போட்டு அவரை வரவழைத்து, வேறு ஜாமீன்தார் கேட்டிருக்கும். ஜாமீன் நிற்கிற யாரும் இந்தப் பிரிவைத் தெரிந்துகொண்டு நிற்பது நல்லது.

இன்னொன்று. ‘நான் வராவிட்டால் தொகையை நானே தருகிறேன்’ என்று மச்சினனிடம் தனியே எழுதி வாங்கியிருந்தால் அந்தத் தாள் செல்லாது. ஜாமீன்தாருக்கு நஷ்டமே வராது என்றால் அவர் ஆளைக் கவனிக்க மாட்டார் என்பதால், அப்படிப்பட்ட ஒப்பந்தம் பொதுநலனுக்கு விரோதம் என்பது ஒப்பந்தச் சட்டம் 23-இன் கணக்கு. அமெரிக்க ஜாமீன் கம்பெனி மாதிரி ஒன்று நம் நாட்டில் முளைக்காததற்கும் இதுவே பெரிய காரணம்.

மச்சினன் வர ஒப்புக்கொண்டால், பிடிவாரண்டை ரீகால் செய்யும் (திரும்பப் பெறக் கேட்கும்) மனுவை வக்கீல் தயாராக வைத்திருக்கட்டும். லுக்அவுட் (விமான நிலையத்தில் தடுக்கச் சொல்லும் சுற்றறிக்கை) போட்டிருந்தால் மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ இறங்கியதும் நிறுத்துவார்கள், அதற்கும் தயாராக வரச் சொல்லுங்கள். ஜாமீனில் போய் ஆஜராகாததே பி.என்.எஸ். 269-இன்படி ஒரு வருஷம் வரை தண்டனைக்குரிய தனிக் குற்றம். தானாக வந்தவருக்கும் பிடித்து வந்தவருக்கும் கோர்ட் காட்டும் முகம் வேறு.

ஒரு வாசகி, கடையநல்லூர்: விசா வாங்கித் தருவதாக எங்கள் தெருவில் நாலு குடும்பத்திடம் பணம் வாங்கிய ஏஜெண்ட் துபாயில் இருக்கிறார். ‘2 லட்சம் கொடுங்கள், ஆளைப் பிடித்து விமானத்தில் ஏற்றி விடுகிறேன்’ என்று அங்கே ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

நம்ப வேண்டாம் அக்கா. அவர் ஏமாற்றுக்காரராக இருந்தால் 2 லட்சம் போகும். சொன்னபடி செய்பவராக இருந்தால் அதைவிட மோசம். ஆளைக் கடத்திய குற்றம் அங்கே அவர் மேல் விழும், இங்கே இருந்து தூண்டியதாக உங்கள் மேலும் விழும். வெளிநாட்டில் நடக்கும் குற்றத்துக்கு இந்தியாவில் இருந்து உடந்தையாவதும் குற்றம் என்று பி.என்.எஸ். 47 சொல்கிறது. ‘குற்றவாளியைத்தானே பிடித்தோம்’ என்ற பேச்சும் நிற்காது. தனிநபர் ஒருவரைப் பிடிக்க பி.என்.எஸ்.எஸ். 40 இரண்டே சந்தர்ப்பங்களைத் தருகிறது: கண்ணெதிரே ஜாமீனில் வர முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் செய்பவர், அல்லது கோர்ட் முறைப்படி பிரகடனம் செய்த தலைமறைவுக் குற்றவாளி. பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். இதில் இரண்டாவதுக்கு 10 வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் வேண்டும். மோசடிக்கு உச்சத் தண்டனை 7 வருஷம். ஆகவே உங்கள் ஏஜெண்ட் அந்தப் பட்டியலிலேயே வரமாட்டார்.

நாலு குடும்பமும் சேர்ந்து மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். யார், எந்தத் தேதியில், எவ்வளவு, ரொக்கமா ஜிபேயா என்று ஒரே தாளில் பட்டியல் போடுங்கள். வங்கி ஸ்டேட்மெண்ட், அவர் பேசிய ஆடியோ, பாஸ்போர்ட் நகல், போலி விசா இருந்தால் அதன் அச்சு எல்லாம் இணையுங்கள். புகாரைப் பெற்றதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடாமல் எஃப்.ஐ.ஆர். வரை தொடருங்கள். அவர் பதிவு பெற்ற ஏஜெண்டா என்பதை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. பதிவில்லாதவர் என்றால் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் அது தனிக் குற்றம், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

அதன் பிறகு போலீஸ் செய்ய வேண்டியது: கோர்ட்டில் பிடிவாரண்ட், லுக்அவுட் சுற்றறிக்கை, பாஸ்போர்ட் சட்டம் 10-இன் கீழ் பாஸ்போர்ட் முடக்கம். மூன்றாவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வளைகுடாவில் அதுதான் கடிக்கும். பாஸ்போர்ட் செல்லாமல் போனால் விசா புதுப்பிக்க முடியாது, வேலை மாற முடியாது. கடைசியில் தூதரகம் தருகிற ஒருவழி அவசரச் சான்றிதழோடு ஊருக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

ஐக்கிய அரபு அமீரகத்தோடு இந்தியாவுக்கு 1999-இல் கையெழுத்தான குற்றவாளி ஒப்படைப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அந்த வழியில் போனால் மாநில அரசு வழியாக வெளியுறவு அமைச்சகத்துக்குக் கோப்பு போக வேண்டும். வாரண்ட், குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலம், சட்டப் பிரிவுகளின் முழு வாசகம், போட்டோ, அடையாளம், எல்லாவற்றுக்கும் அரபு மொழிபெயர்ப்பு. கோப்பு தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்: குற்றப்பத்திரிகை தாக்கலாகாமலே கோரிக்கை அனுப்புவது, சாட்சியம் இல்லாமல் எஃப்.ஐ.ஆரை மட்டும் மொழிபெயர்ப்பது, குற்றம் இரண்டு நாட்டிலும் குற்றமா என்று பார்க்காமல் விடுவது. புகாரில் ‘கடன் கொடுத்தேன், தரவில்லை’ என்று எழுதிவிட்டால் அது சிவில் சங்கதி ஆகிவிடும். ‘இல்லாத வேலையைச் சொல்லி ஏமாற்றி வாங்கினார்’ என்பது உண்மையானால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

செ.மு., வள்ளியூர்: லுக்அவுட், ரெட் கார்னர், நாடு கடத்தல் – செய்தியில் எல்லாம் ஒன்றாக வருகிறதே, வித்தியாசம் என்ன?

லுக்அவுட் நம் நாட்டு வாசலில் போடும் தாழ்ப்பாள். எஸ்.பி. அந்தஸ்திலான அதிகாரியோ அதுபோல அதிகாரம் பெற்றவரோ கேட்டால், குடியேற்றப் பணியகம் விமான நிலையங்களுக்குத் தகவல் கொடுக்கும். தனிநபர் நேரே கேட்க முடியாது. படிவத்தில் பெயர், பெற்றோர் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி போன்ற அடையாளங்களில் குறைந்தது மூன்று வேண்டும். நம் பக்கத்தில் இது பெரிய தலைவலி. ‘சு. முத்துக்குமார்’ பாஸ்போர்ட்டில் முத்துக்குமார் சுப்பையா ஆகியிருப்பார், ரேஷன் கார்டில் எஸ். முத்துக்குமார், எஃப்.ஐ.ஆரில் குமார் என்ற முத்துக்குமார். தாழ்ப்பாள் போட்டும் ஆள் நழுவுவது இந்த இனிஷியல் சந்தில்தான். பேர் ஒற்றுமையால் சம்பந்தமில்லாத ஒருவர் கவுண்டரில் நிற்பதும் இதனால்தான்.

ரெட் கார்னர் என்று சொல்லப்படும் ரெட் நோட்டீஸ், இன்டர்போல் தன் 196 உறுப்பு நாடுகளுக்கு அனுப்பும் வேண்டுகோள். அது சர்வதேச வாரண்ட் அல்ல. இன்டர்போலுக்குத் துப்பாக்கியோடு வந்து பிடிக்கும் போலீஸும் கிடையாது. இந்தியாவில் அதற்கான தொடர்பு அமைப்பு சி.பி.ஐ. உச்சத் தண்டனை குறைந்தது 2 வருஷம் உள்ள குற்றம் வேண்டும். சொந்தத் தகராறு, அரசியல், மத வழக்குகளை ஏற்க மாட்டார்கள். போட்ட நோட்டீஸை எடுக்கவும் செய்வார்கள். வங்கி மோசடி வழக்கில் தேடப்பட்ட வைர வியாபாரி மெகுல் சோக்சியின் ரெட் நோட்டீஸை 2022 கடைசியில் நீக்கினார்கள். அதன் பிறகும் இந்தியாவின் நேரடிக் கோரிக்கையின் பேரில் 2025 ஏப்ரலில் பெல்ஜியம் அவரைக் கைது செய்தது.

‘நாடு கடத்தல்’ என்ற ஒரே சொல்லை நம் பத்திரிகைகள் இரண்டுக்கும் போட்டுக் குழப்புகின்றன. விசா முடிந்தவரை ஒரு நாடு தானாக வெளியே தள்ளுவது நாடு கடத்தல். வேறு நாடு கேட்டதால் கோர்ட் விசாரித்துக் கொடுப்பது ஒப்படைப்பு. முதலாவது சீக்கிரம் முடியும். இரண்டாவது இழுக்கும், கூடவே நிபந்தனையும் வரும். 2005-இல் போர்ச்சுகல், மும்பை குண்டுவெடிப்பு வழக்கின் அபு சலேமை ஒப்படைத்தபோது மரண தண்டனை கூடாது, 25 வருஷத்துக்கு மேல் சிறை கூடாது என்ற இந்தியாவின் உறுதிமொழியின் பேரில்தான் கொடுத்தது. அந்த வாக்கு அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2022-இல் நம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி: கடத்திக் கொண்டுவந்தாலும் விசாரிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே?

சொல்லியிருக்கிறது. முதலில் 1886-இல் தீர்ப்பான ‘கெர்’ வழக்கு, பெருவிலிருந்து தூக்கி வரப்பட்டவர் அவர். அவரைக் கூட்டிவர அமெரிக்கா அனுப்பிய ஆள், கையில் முறையான தாள் இருந்தும் அதைக் காட்டாமலே தூக்கி வந்தார். 1992-இல் அல்வாரெஸ் மச்சேன் வழக்கு. குவாதலஹாராவிலிருந்து கூலி ஆட்களை வைத்துக் கடத்தப்பட்ட மெக்சிகோ டாக்டர் அவர். விசாரிக்கலாம் என்றார்கள், விசாரித்தார்கள், ஆதாரம் போதாமல் அதே வருஷம் விடுதலை ஆனார். ஆக, கடத்தப்பட்டவரை விசாரிக்க அந்த கோர்ட்டுக்கு உரிமை உண்டு என்பதுதான் தீர்ப்பு. கடத்தியவர் மேல் அந்த இன்னொரு நாடு போடும் வழக்கு அப்படியே நிற்கும். பரீட்சையில் இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

க.சு., கடையம்: பாரதியார் பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்தாரே, வெள்ளைக்காரன் அங்கே போய்ப் பிடிக்காமல் விட்டது ஏன்?

கடையத்துக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான், அங்கிருந்து அவர் வந்து சேர்ந்தது உங்கள் ஊருக்கல்லவா! 1908 முதல் அவர் இருந்தது பிரெஞ்சு மண். ஒற்றர்களை அனுப்ப முடிந்தது, தபாலைப் பிரித்துப் பார்க்க முடிந்தது, கை வைக்க முடியவில்லை. அரசியல் குற்றத்துக்காக ஆளைக் கேட்டால் மறுப்பது அன்றைக்கே நாடுகளின் வழக்கம். நம் 1962 ஒப்படைப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவிலும் அந்த விலக்கு இருக்கிறது. அதே சமயத்தில் எல்லையை மீறிய சம்பவமும் நடந்தது. 1910 ஜூலை 8 அன்று மார்செய் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்து நீந்திக் கரையேறிய சாவர்க்கரைப் பிரெஞ்சுக் காவலர் ஒருவரே பிடித்துப் பிரிட்டிஷாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரான்ஸ் ஹேக் நடுவர் மன்றம் வரை போனது. நடந்தது முறைகேடுதான், ஆனால் திருப்பித் தர வேண்டியதில்லை என்று 1911 பிப்ரவரியில் தீர்ப்பு. மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டது அதற்கு நாலு மாதம் கழித்து. அதன் பிறகு புதுவையைச் சுற்றி ஒற்றர்கள் கூடினார்களே தவிர, எல்லை எல்லையாகவே இருந்தது. 1918 நவம்பர் 20 அன்று பாரதி அந்தக் கோட்டைத் தாண்டிய உடனே கடலூர் அருகே கைதானார்.

ந.வே., சேரன்மகாதேவி: நம் ஊரில் ஹன்டர் லைசென்ஸ் வாங்க முடியுமா? என் பையன் அடம் பிடிக்கிறான்.

அப்படி ஒரு லைசென்ஸே இங்கே இல்லை. தனியார் துப்பறிவாளருக்குக்கூட மத்திய லைசென்ஸ் சட்டம் கிடையாது. 2007-இல் கொண்டுவந்த மசோதா சட்டமாகவே இல்லை. 2005-இல் வந்த சட்டம் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கு மட்டும். போலீஸ் அறிவிக்கும் சன்மானம் தகவலுக்குத்தான், ஆளைத் தூக்கி வருவதற்கு அல்ல. எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், களக்காடு: ‘இன்டர்போல் ஆபீசர்’ என்று வீடியோ காலில் வந்து, என் தம்பி பெயரில் ரெட் நோட்டீஸ் இருக்கிறது, எடுக்க 80,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்.

கட்டாதீர்கள். ரெட் நோட்டீஸை எடுக்கச் சொல்லி விண்ணப்பிப்பது பிரான்ஸின் லியோன் நகரில் உள்ள இன்டர்போல் கோப்புக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம். அதற்குக் கட்டணமே கிடையாது. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இந்தப் பக்கத்தை வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடிவது முதல் சில மணி நேரம்தான். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.